ஃபேன் சுற்றுகிறது, வண்டி ஏன் கொதிக்கிறது? ஃபேன் கிளட்ச் பற்றி ஓர் எளிய விளக்கம்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதைக்கூடத் தாண்டவில்லை, எங்கள் பழைய டீசல் வண்டியின் ஹீட் முள் சிவப்பை நோக்கி ஏற ஆரம்பித்துவிட்டது. ஓரங்கட்டிப் பானெட்டைத் திறந்தோம். பின்னால் வந்த வேன் டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "ஃபேன் நல்லாத்தானே சுத்துதுண்ணே. ரேடியேட்டர் அடைச்சிருக்கும்" என்றார். கூட வந்திருந்த மாமா, "தெர்மாஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சா எல்லாம் சரியாயிடும் மாப்ளே" என்றார்.

ஊர் திரும்பியதும் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். தெர்மாஸ்டாட் (எஞ்ஜின் தண்ணீரின் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) புதிது, ரேடியேட்டர் மூடி புதிது. அடுத்த முறை மலை ஏறும்போதும் அதே கதை. கடைசியில் கோளாறு எங்கே இருந்தது என்றால், "நல்லாத்தானே சுத்துது" என்று எல்லோரும் கைகாட்டிய அந்த ஃபேனின் நட்டநடுவில்.

அந்த நடுப்பகுதிக்குப் பெயர் ஃபேன் கிளட்ச். பட்டறைகளில் 'விஸ்கஸ் ஃபேன்', 'விஸ்கஸ் கப்ளிங்' என்றும் சொல்வார்கள். கியர் மாற்ற நாம் மிதிக்கிற கிளட்சுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கிளட்ச் என்ற பெயரைக் கேட்டதும் "அதான் போன வருஷமே மாத்தியாச்சே" என்று சொன்னவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

உங்கள் வண்டியில் இது இருக்கிறதா?

முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ10 மாதிரியான சிறிய கார்களில் ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுகிறது. அதற்குத் தனி மோட்டார், வயர் எல்லாம் உண்டு. அங்கே ஃபேன் கிளட்சுக்கு வேலையே இல்லை.

பொலேரோ, ஸ்கார்ப்பியோ, குவாலிஸ், இன்னோவா மாதிரி எஞ்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும் டீசல் வண்டிகள் பலவற்றிலும், லாரி, பஸ்களிலும் ஃபேனை எஞ்ஜினே சுழற்றுகிறது. பெரும்பாலும் எஞ்ஜின் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்பின் புல்லிக்கு, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்துக்கு, முன்னால்தான் ஃபேன் மாட்டியிருக்கும். பானெட்டைத் திறந்து பாருங்கள். ஃபேனுக்கு வயர் எதுவும் போகாமல், நடுவில் வரிவரியாகத் தகடு வைத்த அலுமினிய வட்டு ஒன்று இருந்து, அதன் முகத்தில் கடிகாரச் சுருள் மாதிரி ஒரு ஸ்பிரிங்கோ சின்னப் பட்டையோ தெரிந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

காபி ஆற்றுவதும் ரேடியேட்டரும்

சூடான காபியை டம்ளரிலிருந்து டபராவுக்கு உயர்த்தி ஆற்றும்போது என்ன செய்கிறோம்? காபியை மெல்லிய இழையாக்கிக் காற்றில் படவிடுகிறோம். ரேடியேட்டர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். எஞ்ஜினைச் சுற்றிச் சூடாகி வரும் கூலன்ட்டை மெல்லிய குழாய்களில் பிரித்து ஓடவிடுகிறது. அந்தக் குழாய்களின் இடையே காற்று புகுந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. கூலன்ட் என்பது தண்ணீரோடு, அதன் கொதிநிலையை உயர்த்தித் துருப்பிடிக்காமலும் காக்கும் திரவத்தைச் சேர்த்த கலவை.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் காற்று தானாகவே வந்து மோதும். ஃபேன் தேவையே இல்லை. சிக்னலில் நிற்கும்போதும், பாரத்தோடு இரண்டாவது கியரில் மலை ஏறும்போதும் நிலைமை தலைகீழ். வேகம் குறைவு, எதிர்க்காற்று கிடையாது. எஞ்ஜினுக்கோ சூடு அதிகம். அப்போது காற்றை உறிஞ்சி இழுக்கத்தான் ஃபேன்.

சரி, எப்போதும் முழு வேகத்தில் சுற்றட்டுமே, என்ன நஷ்டம்? நஷ்டம் உண்டு. ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. மூன்று மடங்கு வேகத்துக்கு 27 மடங்கு. இந்தச் சக்தி முழுவதும் உங்கள் டீசல் டேங்கிலிருந்து போவது. தேவையில்லாத நேரத்தில் ஃபேனை வேகமாகச் சுழற்றினால் மைலேஜ் குறையும், இழுவை குறையும், காதைப் பிளக்கும் இரைச்சல் வேறு.

ஆக, இதுவரை பார்த்தது: வேகமாக ஓடும்போது ஃபேன் ஒரு சுமை, மெதுவாகப் போகும்போது அது உயிர்நாடி. இடையில் பார்த்து நடந்துகொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஃபேன் கிளட்ச்.

இரண்டு தட்டு, நடுவில் பாகு

இரண்டு எவர்சில்வர் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஆனால் தொடாமல் சின்ன இடைவெளியோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த் தட்டைச் சுழற்றினால் மேல் தட்டு கூடவே சுற்றாது. நடுவில் கெட்டியான வெல்லப்பாகை ஊற்றிவிட்டுச் சுழற்றுங்கள். மேல் தட்டும் இழுபட்டுச் சுற்றும். தட்டோடு தட்டு ஒட்டவில்லை, பற்களும் கிடையாது. பாகின் பிசுபிசுப்பு மட்டுமே ஒன்றின் சுழற்சியை இன்னொன்றுக்குக் கடத்துகிறது.

ஃபேன் கிளட்சின் உள்ளே இதே ஏற்பாடுதான். ஒரு தட்டு எஞ்ஜின் பக்கம், அதாவது வாட்டர் பம்ப் தண்டோடு சேர்ந்தது. இன்னொன்று வெளிக்கூடு, அதன்மேல் ஃபேன் இறக்கைகள் மாட்டியிருக்கும். இரண்டுக்கும் இடையே வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த மெல்லிய பள்ளங்கள். பாகுக்குப் பதில் சிலிகான் எண்ணெய். இது தண்ணீரைவிடப் பல ஆயிரம் மடங்கு கெட்டியானது. சூட்டில் மற்ற எண்ணெய்கள் மாதிரி சட்டென்று நீர்த்துப்போகாது, அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அளவும் ரொம்பக் குறைவு. மொத்த எண்ணெயையும் வடித்தால் ஒரு காபி டம்ளரில் பாதி நிறைவது சந்தேகம். டொயோட்டா இந்த எண்ணெயை 18 மி.லி. டியூபில் விற்கிறது என்பதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

எல்லோரும் தவறாகச் சொல்லும் இடம்

"சூடானா உள்ளே இருக்கிற ஆயில் கெட்டியாகி ஃபேனைப் பிடிச்சுக்கும்." பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். இது தப்பு. சிலிகான் எண்ணெயும் சூடானால் கொஞ்சம் நீர்க்கத்தான் செய்யும், கெட்டியாகாது. இங்கே மாறுவது எண்ணெய் இருக்கும் இடம்.

அடியில் சின்ன ஓட்டை உள்ள ஒரு பக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய். குழாயைத் திறந்தால் வெளியேறுவதைவிட அதிகமாகத் தண்ணீர் வரும், பக்கெட் நிறையும். குழாயை மூடினால் ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து காலியாகும்.

ஃபேன் கிளட்சில் இரண்டு அறைகள். ஒன்றில் எண்ணெய் சும்மா தங்கியிருக்கும். அதைச் சேமிப்பறை என்போம். பள்ளங்கள் உள்ள இன்னொன்று வேலையறை. நம் பக்கெட் இந்த வேலையறைதான். சேமிப்பறையிலிருந்து வேலையறைக்கு எண்ணெய் வரும் வழியில் ஒரு சின்ன வால்வு, அதுதான் குழாய். வேலையறையின் விளிம்பில் ஒரு தடுப்பு இருக்கிறது. சுழலும்போது எண்ணெய் அதில் முட்டி, பக்கத்துத் துளை வழியாகச் சேமிப்பறைக்கே திரும்பத் தள்ளப்படும், அதுதான் ஓட்டை. வால்வு மூடியிருந்தால் வேலையறை வறண்டு, தட்டுகளின் பிடி தளர்ந்து, ஃபேன் ஏனோதானோ என்று சுற்றும். வால்வு திறந்தால் எண்ணெய் நிறைந்து பிடி இறுகும்.

வால்வைத் திறப்பது யார்? முகத்தில் தெரிகிறதே அந்தச் சுருள். அது இரட்டை உலோகப் பட்டை. சூட்டில் வேறு வேறு அளவு நீளும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த பட்டைக்கு அந்தப் பெயர். ஒன்று அதிகம் நீள, மற்றொன்று குறைவாக நீள, பட்டை வளைந்துதானே ஆகவேண்டும்? அந்த வளைவு ஒரு ஊசித் தண்டைத் திருப்பி வால்வைத் திறக்கிறது. இன்னொன்றைக் கவனியுங்கள். சுருள் எஞ்ஜின் சூட்டை நேரடியாக அளப்பதில்லை. ரேடியேட்டரைத் தாண்டி வந்து தன்மேல் படும் காற்றின் சூட்டைத்தான் உணர்கிறது. அந்தக் காற்று சுமார் 60 முதல் 80 டிகிரிக்குள் போகும்போது வால்வு திறக்கும். வண்டிக்கு வண்டி இது மாறும்.

பிடி தளர்ந்த நிலையிலும் ஃபேன் நிற்பதில்லை. தண்டின் வேகத்தில் கால்பங்கு அளவுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். முழுப்பிடியிலும் தண்டுக்குச் சமமாக ஓடாது, 70 முதல் 90 சதவீதம் வரை போகும். தண்டு நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓடுகிறது என்றால், தளர்ந்த ஃபேன் 600 சுற்று, பிடித்த ஃபேன் 2000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி மங்கலான வட்டமாகத்தான் தெரியும். வேன் டிரைவர் ஏமாந்தது இங்கேதான். நானும்தான்.

சுருக்கமாக: சூடான காற்று சுருளை வளைக்கிறது, சுருள் வால்வைத் திறக்கிறது, எண்ணெய் வேலையறைக்கு வந்து ஃபேனை இழுத்துப் பிடிக்கிறது. ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பதால் எதுவும் தெரியாது. எவ்வளவு பிடியோடு சுற்றுகிறது என்பதே கேள்வி.

எப்போது ஹீட் ஆகிறது என்று கேளுங்கள்

கோளாறு கண்டுபிடிக்க ஸ்பேனரை எடுக்கும் முன் இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். நெரிசலிலும் மலையிலும் முள் ஏறி, சமவெளியில் 60, 70 கி.மீ. வேகம் பிடித்ததும் முள் தானாக இறங்கினால், ஃபேன் கிளட்ச் மேல் சந்தேகப்படலாம். நேர்மாறாக, நெடுஞ்சாலை வேகத்திலேயே சூடேறினால் ஃபேன் காரணமில்லை. ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் குறைவு, வாட்டர் பம்ப், தெர்மாஸ்டாட் என்று வேறு பக்கம் தேட வேண்டும். எங்கள் வண்டி சமவெளியில் ஒரு நாளும் சூடானதில்லை. இந்தக் கேள்வியை யாராவது முதலிலேயே கேட்டிருந்தால் ரேடியேட்டர் வேலைக்கான காசு மிஞ்சியிருக்கும்.

இன்னொரு துப்பு ஏசி. ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. அதற்கும் இதே ஃபேன் காற்று இழுக்கும் வண்டிகளில், கிளட்ச் தளர்ந்தால் ஓடும்போது ஏசி ஜில்லென்று இருக்கும், சிக்னலில் நின்றால் வெறும் காற்றடிக்கும். கேஸ் போட்டுப் பார்த்தும் மாறவில்லை என்று புலம்புகிறவர்கள் இதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். (கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சி, பஞ்சு, மண் சேர்ந்து அடைத்திருந்தாலும் இதே அறிகுறி வரும். டார்ச் அடித்துப் பாருங்கள்.)

கிளட்ச் எதிர்த்திசையிலும் கெடலாம், அதாவது எப்போதும் இறுகியே இருந்துவிடலாம். அப்போது வண்டி சூடாகாது. ஆனால் எந்த நேரமும் விமானம் கிளம்புவது மாதிரி இரைச்சல், மைலேஜ் குறைவு, இழுவை மந்தம். சூடாகாததால் இந்தக் கோளாறை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஒரு விதிவிலக்கு: காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நிமிடம் இரைச்சல் வந்து, பிறகு அடங்கினால் அது கோளாறில்லை. இரவு நின்ற நேரத்தில் எண்ணெய் வேலையறைக்குள் கசிந்து தங்கிவிடுகிறது. கொஞ்சம் ஓடியதும் திரும்பிப் போய்விடும்.

கையால் பார்க்கும் சோதனைகள்

எஞ்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாக ஆறிய பிறகு ஃபேன் இறக்கையைக் கையால் ஒரு சுண்டு சுண்டுங்கள். கெட்டி மோரில் கரண்டியைச் சுற்றுவது போன்ற ஒரு தடை கையில் தெரிந்து, ஒரு சுற்றுக்குள் நின்றால் நல்லது. காற்றாடி மாதிரி மூன்று நான்கு சுற்று தானாக ஓடினால் எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம். அசைக்கவே முடியாமல் பிடித்துக்கொண்டால் கிளட்ச் ஜாம். இரவெல்லாம் நின்ற வண்டியில் கொஞ்சம் கூடுதலாகவே இறுக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம்.

அடுத்து, இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். லேசான அசைவு இருக்கலாம். கால் அங்குலத்துக்கு மேல் ஆடினால் கிளட்சின் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது வாட்டர் பம்ப் பேரிங். எது என்று அறிய, புல்லியும் கூடவே ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் பம்ப்தான். இந்த ஆட்டத்தை அலட்சியப்படுத்தினால் ஒரு நாள் இறக்கை ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

பிறகு அலுமினிய வட்டின் முகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சூரியக்கதிர் வரைந்த மாதிரி எண்ணெய்க் கோடுகள், அதில் தூசி ஒட்டிய கறுப்பு. எங்கள் வண்டியில் இருந்தது அதுதான். இத்தனை நாள் அது வெறும் எஞ்ஜின் ஆயில் அழுக்கு என்று துணியால் துடைத்துக்கொண்டிருந்தோம்.

ஓடும் ஃபேனில் சுருட்டிய செய்தித்தாளை விட்டு, அது நின்றால் கிளட்ச் போச்சு என்று காட்டும் வித்தை பட்டறைகளில் பிரபலம். தயவுசெய்து செய்யாதீர்கள். ஓடும் ஃபேனுக்கு அருகே கை போகக்கூடாது, தளர்ந்த சட்டையும் துண்டும்கூட. ஃபேனின் பக்கவாட்டில், இறக்கை சுற்றும் அதே நேர்கோட்டில் முகத்தை வைக்கவும் கூடாது. விரிசல் விட்ட இறக்கை பறந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும்.

இதைவிட நல்ல சோதனை காதால் கேட்பது. வண்டி நன்றாகச் சூடான பிறகு, ரேடியேட்டரின் முன்பக்கத்தை ஒரு அட்டையால் பெரும்பகுதி மறைத்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து 2000 சுற்று வாக்கில் ஆக்சிலரேட்டரைப் பிடியுங்கள். கண் ஹீட் முள்ளிலேயே இருக்க வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் முள் சிவப்பைத் தொடும் முன்பே 'ஹோ' என்று ஒரு இரைச்சல் எழும். முள் ஏறிக்கொண்டே போய், சத்தம் எழவில்லை என்றால் உடனே அட்டையை எடுக்கச் சொல்லி எஞ்ஜினை ஐடிலில் ஆறவிடுங்கள். தீர்ப்பு வந்துவிட்டது.

மாற்றும்போது

எண்ணெயை மட்டும் ஊற்றிச் சரிசெய்ய முடியும், சிலர் செய்கிறார்கள். ஆனால் எண்ணெய் வெளியே வந்தது ஏதோ ஒரு சீல் அல்லது பேரிங் வழியாகத்தானே? அது அப்படியே இருக்கும். என் கருத்தில் முழுதாக மாற்றுவதே சரி. ஸ்குரூ போட்டோ வெல்டு வைத்தோ நேரடியாகப் பூட்டிவிடும் வைத்தியமும் உண்டு. நடுவழியில் மாட்டி, வீடு வந்து சேர அது கைகொடுக்கும். அப்படியே வைத்து ஓட்டினால் டீசலும் வாட்டர் பம்ப் பேரிங்கும் தண்டம்.

வேலை பெரிதல்ல, இடம்தான் குறைவு. ஆறிய எஞ்ஜினில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு கெட்டி அட்டையைச் சொருகுங்கள். ஸ்பேனர் வழுக்கி ரேடியேட்டரில் குத்தினால் செலவு இரட்டிப்பு. பெல்ட் இருக்கும்போதே புல்லி நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும், ஏனென்றால் புல்லி சுற்றாமல் பிடித்துக்கொள்வது பெல்ட்தான். பல வண்டிகளில் நான்கு சின்ன நட்டுகள். சிலவற்றில் ஒரே பெரிய நட்டு. இந்தப் பெரிய நட்டு வலது மரையா, இடது மரையா என்று தெரியாமல் பலம் கொடுத்தால் இறுக்கிக்கொண்டே போவீர்கள். அந்த மாடலின் கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுவது நல்லது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டைக் கழற்றி, ஃபேனையும் சேர்த்து மேலே தூக்க வேண்டியிருக்கும். கூண்டு உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கூண்டு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளும்.

புதிய கிளட்சைக் கடையிலிருந்து கொண்டுவரும்போதும், மேஜையில் வைக்கும்போதும் வண்டியில் எப்படி நிற்குமோ அப்படியே நிறுத்தி வையுங்கள். தட்டு மாதிரி படுக்கவைத்தால் எண்ணெய் பேரிங் பக்கம் கசியலாம். இறக்கைகளில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, முன்பக்கம் பின்பக்கம் மாறாமல் மாட்டுங்கள். தலைகீழாக மாட்டினாலும் சுற்றும், காற்றுதான் வெகுவாகக் குறையும். எல்லாம் முடிந்ததும் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் கூண்டில் உரசவில்லை என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

எங்கள் வண்டியில் புதியதை மாட்டி ஸ்டார்ட் செய்தவுடன் பட்டறையே அதிரும்படி ஒரு இரைச்சல். மாமா பதறிப்போய், "இதுவும் ஜாம்தான்யா, ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்று கத்தினார். மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "ரெண்டு நிமிஷம் பொறுங்கண்ணே, கடையில உக்காந்திருந்த ஆயில் இடம் தேடிப் போகட்டும்" என்றபடி கை கழுவப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் சத்தம் அடங்கியிருந்தது.